பன்னா பார்த்து வாங்கிய கார்

பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. முதலில் டயரை ஓர் உதை உதைப்பார்கள். எதற்கு என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது, டயருக்கும் தெரியாது. உதைத்துவிட்டு, "ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். அந்த "ம்" வந்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி.

திண்டுக்கல் பைபாஸ் பக்கம் ஒரு கன்சல்டிங் கடையில் வேலை பார்க்கிறேன். கன்சல்டிங் என்றதும் கோட்டு சூட்டு போட்ட ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய பைக்கையும் காரையும் வாங்கி, கழுவி, டயருக்குக் கறுப்புப் பூசி, முன்னால் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டி விற்கிற கடைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை என்னை இரண்டு தடவை வாசலோடு திருப்பி அனுப்பியது. மூன்றாவது தடவை போய் அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே இங்கு வந்துவிட்டேன்.

வந்து பார்த்தால் பள்ளிக்கூடத்தைவிட இங்கே படிக்க நிறைய இருந்தது. வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கிற ஆள் வந்தால் வாயைத் திறந்ததும் மைலேஜ்தான். வண்டிக்குச் சக்கரம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார். சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் விவசாயி சீட்டில் உட்காரவே மாட்டார். பின்னால் போய் கேரியரை இரண்டு கையாலும் அழுத்திப் பார்ப்பார். கத்தரிக்காய் மூட்டை உட்கார இடம் இருந்தால் போதும், தான் எங்கே உட்காருவது என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். காலேஜ் பையன்கள் கண்ணாடியில் தங்கள் மூஞ்சியைப் பார்ப்பார்கள். மூஞ்சி நன்றாகத் தெரிந்தால் வண்டி நல்ல வண்டி. இன்னும் சிலர் நம்பரைக் கூட்டிப் பார்த்து, "எட்டு வருதேப்பா" என்று துக்க வீட்டுக்கு வந்தவர்போல நிற்பார்கள். அந்த ஒரு கூட்டலை மட்டும் நான் தப்பாமல் போட்டுவிடுவேன்.

எல்லா வண்டிக்கும் நாங்கள் ஒரே கதையைத்தான் சொல்வோம். "லேடீஸ் ஓட்டுன வண்டிண்ணே." எங்கள் கடையில் விற்ற வண்டிகளை எல்லாம் உண்மையிலேயே பெண்கள்தான் ஓட்டினார்கள் என்றால், திண்டுக்கல்லில் ஆம்பளைகள் இத்தனை காலமும் நடந்துதான் போயிருக்க வேண்டும்.

கார் என்றால் இன்னும் ஒரு விதி இருக்கிறது. வெள்ளை நிறம்தான் வாங்க வேண்டும். வெள்ளைக் காரை எப்போது வேண்டுமானாலும் கைமாற்றிவிடலாம். மற்ற நிறம் எல்லாம் கடையிலேயே நின்று வெயில் குடிக்கும்.

இவ்வளவு தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருக்கும்போது, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் அப்பா கார் வாங்கினார். அதுவும் வெள்ளை இல்லை.

எங்கள் வீடு சின்னாளப்பட்டியில். அப்பா தறி நெய்கிறவர். அவருக்குத் தெரிந்த வாகனம் ஒரு மொபெட். அதில் முன்னால் நூல் கட்டு, பின்னால் சேலைக் கட்டு, நடுவில் அப்பா. தூரத்திலிருந்து பார்த்தால் மூன்று மூட்டை போகிற மாதிரி இருக்கும். கார் வேண்டும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல வைத்தது அக்காவின் மாமியார்.

அக்காவைத் தொப்பம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மச்சான் வீட்டில் ஜவுளிக்கடை, வாசலில் ஒரு பெரிய கார். அக்கா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் நானும் அப்பாவும் அம்மாவும் பழம், பலகாரம் எல்லாம் எடுத்துக்கொண்டு பஸ் மாறிப் பஸ் மாறிப் போனோம். போய்ச் சேர்ந்தபோது முறுக்கு எல்லாம் மாவாக இருந்தது. அக்காவின் மாமியார் தங்கமான மனுஷி. அந்த மாவையும் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, "ருசியா இருக்குதுங்க" என்றார். கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னார்:

"ஏனுங்க சம்பந்தி, வளைகாப்பு முடிஞ்சதும் புள்ளைய எங்க வண்டியிலயே கொண்டாந்து உங்க ஊட்டுல உட்டர்றோமுங்க. மாசமா இருக்கறவள நீங்க எதுக்குங்க பஸ்ஸுல கூட்டிட்டுப் போய்ச் சிரமப்படறீங்க?"

அவர் நல்லதாகத்தான் சொன்னார். ஆனால் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். அப்பா "ஆகட்டும்மா" என்று சிரித்தார். பஸ்ஸில் ஏறியதும் அந்தச் சிரிப்பை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டார். ஒட்டன்சத்திரம் தாண்டிய பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது பின்சீட்டில் இருந்த எனக்குக் கேட்டது.

"எம் மகள நம்ம வீட்டு வாசல்ல நாந்தான் கொண்டாந்து எறக்குவேன்."

"அதுக்கு வாடகைக்கு ஒரு காரு பிடிச்சாப் போச்சு" என்றாள் அம்மா.

"வாடகைக் காருன்னா டிரைவரு எறக்குனதா ஆயிரும்."

அப்பா ஒரு முடிவு எடுத்துவிட்டால் அது தறியில் ஏற்றிய பாவு மாதிரி. நெய்து முடிக்காமல் இறக்க மாட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து அப்பா சாயங்காலம் ஆனால் காணாமல் போனார். சட்டை போட்டு, தலை சீவி, பவுடர் பூசிப் போனார். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நீதான் இத்தன வருசமாக் குடும்பம் நடத்துற" என்றேன். துடைப்பம் பக்கத்தில் இல்லாததால் தப்பித்தேன்.

விஷயம் எங்கள் கடைக்கே வந்து சேர்ந்தது. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் ஒருவர் எங்கள் கடைக்கு அடிக்கடி டீ குடிக்க வருவார். அன்றைக்கு வந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"தம்பி, ஒங்கப்பா எங்கிட்டதான் காரு பழகுறாரு. தெரியுமா?"

"அதுக்கு ஏன் மாஸ்டர் இடுப்பப் பிடிச்சிருக்கீங்க?"

"அவரு காரு ஓட்டலப்பா. காரு நெய்யிறாரு."

தறியில் கீழே இரண்டு மிதிகட்டை இருக்கும். இடது ஒன்று, வலது ஒன்று, மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது வருஷமாக அப்பாவின் கால் அதைத்தான் செய்கிறது. காரில் உட்கார்ந்து இரண்டு காலுக்கும் கீழே ஏதோ தட்டுப்பட்டதும், இடது கிளட்ச், வலது ஆக்ஸிலேட்டர், இடது கிளட்ச், வலது ஆக்ஸிலேட்டர் என்று தாளம் தப்பாமல் ஆரம்பித்துவிட்டாராம். கார் முன்னால் குதித்தது, நின்றது, குதித்தது, நின்றது. மாஸ்டர் கண்ணாடியில் முட்டிக்கொண்டார். "நிப்பாட்டுங்கண்ணே" என்று கத்தியதற்கு, "இன்னும் ஒரு முழம் வரட்டும்" என்று சொன்னதாக மாஸ்டர் சத்தியம் பண்ணுகிறார். அந்தக் கடைசி வரியை மட்டும் நான் முழுசாக நம்பவில்லை. ஆனால் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

எப்படியோ அந்தக் கால்களை மாஸ்டர் மாற்றிவிட்டார். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"ஏலே, நாளைக்கு லீவு போடு. வேடசந்தூர் வரைக்கும் போவணும். ஒரு காரு பேசி வச்சிருக்கேன்."

"யாரக் கேட்டுப் பேசுன?"

"நூல் கடைக்காரரு சொன்னாரு."

"நூல் கடைக்காரருக்குக் காரப் பத்தி என்னப்பா தெரியும்?"

"ஒனக்கு நூலப் பத்தி என்ன தெரியும்? அது மாதிரிதான். விடு."

மறுநாள் என் பைக்கில் போனோம். என் பைக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முன்னால் குனிந்து பின்னால் தூக்கிய வண்டி அது. பின்சீட்டு கூரை மேல் இருக்கும். அதில் உட்கார்ந்து வந்தால் ஊர் முழுக்கப் பார்க்கலாம், இறங்கினால் இடுப்பு இருக்காது. "இதச் செஞ்சவனுக்குப் பெத்தவங்க கெடையாதாடா?" என்று அப்பா வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார்.

கார் ஒரு மில் கிளார்க்குடையது. வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றது. சின்னக் கார்தான். நிறம்தான் எனக்குத் திக்கென்றது. நல்ல அடர்ந்த அரக்கு. முகூர்த்தப் பட்டுக்கு எடுப்பார்களே, அதே அரக்கு. பக்கவாட்டில் தங்க நிறத்தில் ஒரு கோடு வேறு.

"பாத்தியாலே, பார்டர" என்றார் அப்பா. அவர் குரலே மாறிவிட்டது.

நான் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். "அப்பா, வெள்ளக் காருதான் ரீசேல் போகும். அரக்குக் கலர எவனும் சீந்த மாட்டான்."

"அரக்கு என்னைக்குடா வெல போகாம இருந்திருக்கு? எத்தன வருசமா நெய்யிறேன், எனக்குத் தெரியாதா?"

"அது சேலப்பா."

"வாங்கும்போதே விக்கிறதப் பத்திப் பேசுறான் பாரு. ஒனக்கெல்லாம் எவன் பொண்ணு குடுப்பான்?"

நான் பானெட்டைத் தூக்கி ஆயில் பார்த்தேன், ஸ்டார்ட் பண்ணிச் சத்தம் கேட்டேன், அடியில் குனிந்து துரு பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. கிளார்க் அருமையாக வைத்திருந்தார். அந்த நேரத்தில் அப்பா என்ன செய்தார் தெரியுமா? காரைப் புறங்கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார், சேலை தடவுகிற மாதிரி. இடது பக்கக் கதவு வந்ததும் நின்றார்.

"சார், இந்தக் கதவு மட்டும் வேற தொட்டிச் சாயம்."

கிளார்க் முகம் செத்துவிட்டது. "ஆமாங்க, ஒரு மாடு ஒரசிருச்சு. தனியாப் பெயிண்ட் அடிச்சோம். யாருக்கும் தெரியாதே."

கடையில் நாங்கள் எல்லாரும் தேடுவது இந்த மாதிரி ஒரு ஓட்டையைத்தான். அதைப் பிடித்துக்கொண்டு விலையை எங்கேயோ இறக்கியிருக்கலாம். நான் கண் ஜாடை காட்டினேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை.

"துவைச்சாச் சாயம் விடாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"விடாதுங்க."

"அப்பச் சரி."

அடுத்து சட்டைப் பையில் கையை விட்டு ஒரு நூலை எடுத்தார். முறுக்கின நூல், நடுவில் ஒரு முடிச்சு. கிளார்க் அதைத் திருஷ்டிக் கயிறு என்று நினைத்து, "கட்டிக்கங்க, கட்டிக்கங்க" என்றார். அப்பா நூலின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துக் காரின் ஒரு பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். தான் மறுபக்கம் போனார். கண்ணாடி இரண்டையும் மடக்கச் சொன்னார். நூலை விறைப்பாக இழுத்துப் பார்த்தார்.

எல்லாரும் காருக்கு மைலேஜ் கேட்பார்கள், மாடல் கேட்பார்கள். என் அப்பா அந்த மனுஷனைப் பார்த்து, "பன்னா சரியா இருக்கு சார்" என்றார்.

பன்னா என்றால் துணியின் அகலம். எங்கள் வீட்டுக்குப் போகும் சந்து ஒடுக்கமானது. முதல் நாளே அதன் ஆக ஒடுக்கமான இடத்தை நூலால் அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். கார் அந்த முடிச்சுக்குள் அடங்கி, இரண்டு பக்கமும் ஒரு கையகலம் மிஞ்சியது. தறிக்காரர் கணக்கில் அது தாராளம்.

நானும் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிளார்க்கும் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று பேர் தலைக்குள்ளும் கார் என்பது மூடிய கதவோடுதான் இருந்தது.

அப்பா காரை எடுக்க, நான் பைக்கில் பின்னால் வந்தேன். சின்னாளப்பட்டி வந்து எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது சாயங்காலம். சந்து முனையில் கொஞ்சம் தயங்கினார். பிறகு ஊசியில் நூல் கோக்கிற மாதிரி மூக்கை உள்ளே விட்டார். உரசவில்லை. அந்த நூல் பொய் சொல்லவில்லை. எதிர்வீட்டு அத்தை படியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தவள், காலை மேலே தூக்கிக்கொண்டாள். எங்கள் வாசலுக்கு நேராகக் கார் நின்றது. அம்மா சூடத் தட்டோடு வெளியே வந்தாள். இன்ஜின் ஓய்ந்தது.

அப்பா கதவைத் திறந்தார். 'டக்.'

கதவு எங்கள் வாசல் ஓரச் சுவரில் இடித்தது. வெளியே ஒரு கை மட்டும் வந்தது, மோதிரத்தோடு. அந்தக் கை கொஞ்ச நேரம் சுவரைத் தடவிவிட்டு உள்ளே போனது. பிறகு மறுபக்கம். 'டக்.' அது எதிர்வீட்டுச் சுவர். அங்கேயும் ஒரு கை வந்து போனது.

"என்னண்ணே, எறங்கலையா?" என்றாள் எதிர்வீட்டு அத்தை.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கம்பீரமாக வந்தது. "செத்த நேரம் ஒக்காந்திருக்கேன்."

"ஒக்காருங்க, ஒக்காருங்க. அதுக்குத்தான வாங்குனது."

அம்மா கையில் சூடம் எரிந்து முடிந்தது. இன்னொன்று ஏற்றினாள். சந்தில் தலைகள் முளைக்க ஆரம்பித்தன. கடைசியில் நான் போய்ப் பின்கதவைத் தூக்கினேன். அப்பா சீட்டை மடக்கி, வேட்டியைச் சுருட்டிக்கொண்டு, முதலில் தலை, பிறகு தோள், பிறகு ஒரு கால் என்று பின்பக்கமாகத் தவழ்ந்து வெளியே வந்தார்.

"ஏ அண்ணி, அந்தத் தட்ட இங்க கொண்டா" என்றாள் அத்தை. "ஒம் மகளுக்கு முந்திக் காருக்குப் பிரசவமாயிருச்சு. தலைப்பிள்ள. தாயும் சேயும் சொகமா இருக்கு."

அந்தச் சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆனது. அடங்கும்போதெல்லாம் நான் கொஞ்சம் கிளறிவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு கார் தெருமுனையில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றது. அப்பா காலையில் போய்த் துடைப்பார். தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கட்டியிருக்கிற நேரத்தில் வண்டி எடுக்கக் கூடாது என்பதால் சும்மா உள்ளே உட்கார்ந்துவிட்டு வருவார். தெருவில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கூரையில் ஓட்டை போட்டு ஏணி வைக்கலாம் என்றார் ஒருவர். எதிர்வீட்டு அத்தை, "எங்க செவத்த வேணா ஒரு முழம் தள்ளிக் கட்டிக்கவாண்ணே? நாங்க நின்னுக்கிட்டே தூங்கிக்கிறோம்" என்றாள்.

அப்பா எல்லாவற்றுக்கும் சிரித்தார். ஆனால் வளைகாப்பு நாள் குறித்துச் சேதி வந்த அன்று சிரிப்பு நின்றுவிட்டது. தறியில் சத்தம் பலமாக விழுந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் என்னிடம் கேட்டார்.

"ஏலே, கதவக் கழட்டி மாட்டலாமா?"

"கழட்டலாம். போலீஸ்காரரு நிப்பாட்டுனா காத்தோட்டமான மாடல்னு சொல்லிருவோம்."

"வெளையாடாத."

"தெருமொனையில எறங்கி நாலு எட்டு நடந்து வந்தா அவ காலு தேஞ்சா போயிரும்?" என்றாள் அம்மா.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வாசல்ல எறக்குறேன்னு சொன்னேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று அம்மா கேட்கவில்லை. எனக்கும் அப்போது கிண்டல் ஒன்றும் வரவில்லை. வராததைச் சரிக்கட்ட, அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு முழுக் கதையையும் நடித்துக் காட்டினேன். கை வெளியே வந்து சுவரைத் தடவிய இடம் வந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் மாமியார் ஓடி வந்துவிட்டாராம். சிரித்து முடித்துவிட்டு அக்கா மூச்சு வாங்கினாள். பிறகு, "அப்பா மொகம் எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டாள். "தெரியலக்கா, பின்பக்கந்தான் முதல்ல தெரிஞ்சுச்சு" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் தலைதான் முதலில் வந்தது. முகத்தையும் நான் பார்த்தேன்.

வளைகாப்பு அன்று விடியும் முன் கிளம்பினோம். டிக்கியில் சாதத் தூக்குகள்: புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர். மடியில் வளையல் பெட்டியோடு அம்மா முன்னால். தூக்குகளுக்கு நான் காவல். தொப்பம்பட்டியில் மச்சான் வீட்டு வாசலில் அவர்கள் காருக்குப் பக்கத்திலேயே எங்கள் காரை நிறுத்தினார் அப்பா. கதவைத் திறந்தார். கதவு முழுசாக, அகலமாக, இரண்டு கையையும் விரித்த மாதிரி திறந்தது. அவர் இறங்கிய தோரணையைப் பார்க்க வேண்டுமே. இறங்கிவிட்டு, தேவையே இல்லாமல் மறுபடி ஒரு தடவை திறந்து மூடினார்.

அக்காவின் மாமனார் காரைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். "ம்" என்றார். "கலரு லட்சணமா இருக்குதுங்க சம்பந்தி. எங்க எடுத்தீங்க?" என்றார், சேலையைக் கேட்கிற மாதிரியே. அப்பா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என் கடையில் விலை கிடையாது.

சந்தனம் பூசி, வளையல் போட்டு, சாதம் எல்லாம் தீர்ந்த பிறகு கிளம்பினோம். மாமியார் அக்காவின் தலையைத் தடவி, "அப்பன் வண்டியிலேயே போறே, ராசாத்தி" என்றார். அக்கா பின்சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவள் கையை அசைக்கும்போதெல்லாம் காருக்குள் வளையல் சத்தம்.

"வெளக்கு வைக்கிறதுக்குள்ள வீடு சேரணும்" என்றாள் அம்மா.

சேருகிற வேகத்தில் அப்பா ஓட்டவில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் காரை முழுசாக நிறுத்தி, பேச்சுவார்த்தை நடத்தி, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் ஏறினார். மில் பஸ் எங்களைத் தாண்டியது. தேங்காய் லாரி தாண்டியது. ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கைக்காய்க் கட்டை ஏற்றிய ஒரு மொபெட் எங்களைத் தாண்டிப் போகும்போது அதன் ஆள் திரும்பிப் பார்த்தார், வண்டி ரிப்பேரோ என்று.

"அப்பா, எறங்கி நடந்தா நான் முன்னாடி போயித் தண்ணி சுட வச்சிருவேன்" என்றேன்.

"வாய மூடிட்டு வாலே. எம் புள்ள தூங்குது."

அக்கா தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெருமுனைக்கு வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில், வழக்கமான இடத்தில், அப்பா காரை நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. எங்கள் சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மெதுவாகத் தன் பக்கக் கதவைத் திறந்தாள். என் வாய்கூடச் சும்மா இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காதான் பேசினாள்.

"அப்பா, நான் இங்க எறங்கிக்கிறேன்."

"ம்."

"நீ எறங்காத."

அப்பா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"நான் முன்னாடி நடக்குறேன். நீ எம் பின்னாடியே காரக் கொண்டுட்டு வா. நம்ம வாசல் வரைக்கும். நீ வந்தாத்தான் நான் உள்ள போவேன்."

"வந்தா நான் எப்படித்தா எறங்குறது?"

"நீ எதுக்கு எறங்குற? செத்த நேரம் ஒக்காந்திரு."

முன்சீட்டில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் தோள் இரண்டும் குலுங்கின. போனில் நான் நடித்த கதையை இவள் இப்படித் திருப்பிப் போடுவாள் என்று எனக்குத் தெரியாது.

ஒரு தடங்கல் இருந்தது. என் பைக் சந்தில் எங்கள் வாசல் ஓரமாக நின்றது. ஓடிப் போய் அதை உருட்டினேன். நிறுத்த இடம் இல்லை. கடைசியில் படியேற்றி, நடை தாண்டி, தறி இருக்கிற அறைக்குள் கொண்டுபோய் விட்டேன். முன்னால் குனிந்து பின்னால் தூக்கிய அந்த வண்டி, தறிக்குப் பக்கத்தில், பாடம் படிக்க வந்த பிள்ளை மாதிரி நின்றது.

திரும்பி வந்து பார்த்தால் ஊர்வலம் கிளம்பிவிட்டது. முன்னால் அக்கா, இரண்டு கை நிறைய வளையல், கன்னத்தில் காய்ந்த சந்தனம், ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். பக்கத்தில் அம்மா. பின்னால் கண்ணாடி இரண்டையும் மடக்கிக்கொண்டு அரக்குக் கார், அவள் நடைக்கு நடை. அவள் மூச்சு வாங்க நின்றால் காரும் நின்றது. அவள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. அப்பா ஹார்ன் அடிக்கவில்லை. வளையல் சத்தம் போதுமாக இருந்தது. நான் முன்னால் நின்று, "வா, வா, வா, இடது, இடது" என்று கை காட்டினேன். ஒரு தேவையும் இல்லை. அந்த அகலம் அவருக்கு மனப்பாடம்.

எதிர்வீட்டு அத்தை ஆரத்தித் தட்டோடு எங்கள் படியில் நின்றாள். அக்கா வாசலுக்கு வந்து, உள்ளே போகாமல், திரும்பி நின்றாள். கார் கடைசி அடியும் ஊர்ந்து வந்து அவள் பக்கத்தில், எங்கள் வாசலுக்கு நேராக நின்றது. இன்ஜின் ஓய்ந்தது. அப்பா கதவைத் தொடவே இல்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

அத்தை அக்காவுக்கு ஆரத்தி சுற்றினாள். நெற்றியில் வைத்துவிட்டாள். பிறகு அப்படியே திரும்பி, தட்டைக் கார் ஜன்னலுக்கு நேராகக் கொண்டுபோய், அப்பாவுக்கும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"எனக்கு எதுக்குத்தா?" என்றார் அப்பா.

"மாப்பிள்ள மாதிரி உள்ள ஒக்காந்திருக்கீங்க, சுத்தாம விடலாமா? தலைய நீட்டுங்க."

அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அத்தை ஆரத்தித் தண்ணீரைத் தொட்டு அவர் நெற்றியில் பெரிசாக ஒரு பொட்டு வைத்தாள். மிச்சத்தைப் பானெட்டில் வைத்தாள். அரக்கு மேல் அரக்கு, ஒன்றும் தெரியவில்லை.

அக்கா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். நான் அடுத்த சந்து வழியாகச் சுற்றிப் போய்ப் பின்கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வா, பிரசவம் பாக்குறேன்" என்றேன்.

"நீ போலே. நான் வாரேன்."

வரவில்லை. அம்மா காப்பி கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். ஜன்னலுக்கும் எங்கள் நிலைக்கும் நடுவே டம்ளர் ஒன்றுதான் நுழையும், அது நுழைந்தது. அப்பா சீட்டில் சாய்ந்து, ஒரு கையை ஸ்டியரிங்கில் போட்டு, திறந்த வாசல் வழியாக வீட்டுக்குள் பார்த்துக்கொண்டே குடித்தார். உள்ளே அக்கா தறி அறைக்குப் போயிருக்கிறாள் போல. "இந்தப் பைக்க எவன்டா இங்க கொண்டாந்து வச்சது?" என்று அவள் சத்தம் போடுவது கேட்டது. கூடவே வளையல் சத்தமும்.

"ஒன்னத்தான் கேக்குறா, போ" என்றார் அப்பா, டம்ளரை என்னிடம் நீட்டிக்கொண்டே. "போயி இன்னொரு காப்பி போடச் சொல்லு. நான் இப்ப எறங்குறதா இல்ல."